வளைவில் ஆறு மில்லிமீட்டர்

கல்யாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் முன்பெல்லாம் "இன்ஸ்பெக்‌ஷன்" என்று ஒரு வார்த்தையில் நழுவிவிடுவேன். இப்போது நழுவுவதில்லை. "மிஷினுங்க வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறேன், ஆன்டி" என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கருப்புக் குழாய் ஒன்றை இறக்கிக் குடலைப் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே சாமான்தான். என் நோயாளிக்கு வாய்க்குப் பதிலாக ஒரு துளை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு என் நோயாளி முனகுவதில்லை, தனக்கு என்ன வலி என்று சொல்வதுமில்லை. நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"அதுக்கு எதுக்குப் பொம்பளப் பிள்ளை?" என்று ஒரு ஆன்டி கேட்டார்.

"ஆம்பளைங்களுக்குப் பொறுமை பத்தாது, ஆன்டி."

பக்கத்தில் நின்ற என் அக்கா என் இடுப்பில் கிள்ளினாள். எனக்கு வாய்க்கொழுப்பு என்பது அவளுடைய பல வருடத்துத் தீர்ப்பு. இருக்கட்டும். பாதுகாப்புத் தொப்பியும் காலணியும் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு கிலோ பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் நின்றாலும், "கேன்டீனா?" என்று கேட்கும் காவலாளிகளை இந்த மலாய் நாட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வாய் இல்லாவிட்டால் நான் பாதி ஆலைகளின் கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

ஸ்கோப் என்று நாங்கள் சொல்லும் என் குழாய் மூன்று மீட்டர் நீளம், சுண்டுவிரலைவிட மெலிந்தது. நுனியில் ஒரு விளக்கும் இரண்டு கண்ணாடிக் கண்களும் இருக்கின்றன. இரண்டு கண்கள் இருப்பதால் அதற்குத் தூரம் தெரியும். உள்ளே ஒரு கீறல் தெரிந்தால் திரையில் அதன் தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி வைப்பேன். இத்தனை மில்லிமீட்டர் என்று திரை சொல்லும். அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூடியைத் திறக்காமல், கையால் தொடாமல், உள்ளே இருக்கும் ஒரு மிளகளவு காயத்தை அளந்து சொல்கிற வேலை. கர்வப்படக்கூடிய வேலைதான். கர்வமும் பட்டேன். அந்தக் கர்வத்தால் ஒரு முறை வழுக்கி விழுந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிள்ளானில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அவர்களே நீராவியில் மின்சாரம் எடுத்துக்கொள்ள ஒரு டர்பைன் வைத்திருந்தார்கள். வருடாந்தரப் பராமரிப்புக்காக அதை நிறுத்தியிருந்த ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த டர்பைனைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன். கிள்ளான்காரர். டர்பைனிலிருந்து ஒரு கை தூரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். கட்டுப்பாட்டு அறையில் குளிர்சாதனமும் மீட்டர்களும் இருக்க, இவர் இங்கே உட்கார்ந்திருப்பாராம்.

"சத்தத்தைக் கேட்டே சொல்லிருவேன் தங்கச்சி, இதுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லன்னு. மீட்டர் பொறகுதான் சொல்லும்" என்றார். "பசியாறிட்டியா? நாசி லெமாக் சோறு தாப்பாவ் பண்ணி, கட்டி வாங்கி வச்சிருக்கேன்."

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அவர் ஒரு கம்பியால் டர்பைனின் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொடுக்க, நீராவி மோதிச் சுழல்கிற அதன் தகடுகளை நான் ஒவ்வொரு பிளேடாகப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த வரிசையில் அறுபத்து நான்கு பிளேடுகள். சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் மாலையாகிவிடும் என்று நானே சொல்லவும் செய்தேன்.

நாற்பத்தோராவது பிளேடின் முன்விளிம்பில் ஒரு கீறல் இருந்தது. ஏதோ ஒரு சிறு இரும்புத் துணுக்கு நீராவியோடு வந்து உரசிவிட்டுப் போயிருக்கிறது. விரிசல் என்றால் பேச்சே இல்லை, பிளேடைக் கழற்றியே ஆக வேண்டும். இது வெறும் உரசல். இப்படிப்பட்டது ஆறு மில்லிமீட்டர் வரை இருந்தால் ஓட்டலாம், அதைத் தாண்டினால் மாற்ற வேண்டும் என்று டர்பைன் செய்தவர்களின் கையேட்டில் எழுதியிருந்தது. நான் ஸ்கோப்பை நேருக்கு நேர் நிறுத்தி, இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி வைத்தேன். ஐந்து புள்ளி மூன்று என்றது திரை.

"எப்படி?" என்றார் அண்ணன்.

"ஓகே அண்ணே. ஓட்டலாம்."

"நீ ஓகேன்னா எனக்கும் ஓகே லா. நான்தானே பக்கத்துல உக்காரப் போறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் தையல் கடைக்குப் போனேன். தீபாவளி நெருங்கும் நாட்களில் அந்தக் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வெட்டிய துணி, வெட்டாத துணி, ஹூக் வைக்காத ரவிக்கை என்று குவியல் குவியலாகக் கிடக்கும். நான் போவது உதவிக்கு என்று பெயர். உண்மையில் என் ரவிக்கையை வரிசையில் முன்னால் தள்ளத்தான். அக்காவின் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செலாயாங்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். வரும்போதே நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைக்கு வர நேரமில்லை என்று வாட்ஸ்அப்பிலேயே அளவு அனுப்பியிருந்தவர். ரவிக்கை ஹூக் மாட்ட முடியாத அளவுக்கு இறுக்கம்.

"நான் குடுத்த அளவு ஒண்ணு, நீங்க தச்சது ஒண்ணு" என்றார்.

அக்கா போனை எடுத்துக் காட்டினாள். ரவிக்கை, அனுப்பிய அளவுக்குச் சரியாகத்தான் இருந்தது. "இந்த அளவை எதுல எடுத்தீங்க?"

"மகன் ஸ்கூல் ஸ்கேல்ல. முன்னால வச்சுப் பார்த்தேன், அதை ரெண்டால பெருக்கினேன்."

அக்கா போனைக் கீழே வைத்தாள். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "உடம்பு என்ன பலகையா தங்கச்சி, ஸ்கேல் வச்சு அளக்க? டேப்பு உடம்போட சேர்ந்து வளைஞ்சு போகணும். ஸ்கேலு நேரா போவும். நேரா போனா குறைச்சுத்தான் காட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். பாதிச் சிரிப்பில் எனக்கு நாற்பத்தோராவது பிளேடு ஞாபகம் வந்தது.

பிளேடின் முன்விளிம்பு தட்டை அல்ல. மூக்குபோல உருண்டிருக்கும். அந்தக் கீறல் விளிம்பைச் சுற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியிருந்தது. நான் நேருக்கு நேராகப் பார்த்ததால் திரையில் அது தட்டையான ஒரு கோடாகத் தெரிந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான் எடுத்தது, மூக்கின் நடுவே குத்திக்கொண்டு போகிற நேர் தூரம். கீறல் நடந்து போன தூரத்தை நான் அளக்கவே இல்லை. வளைந்த பரப்பில் இரண்டே புள்ளிகளில் நீளம் எடுக்காதே, புள்ளி புள்ளியாக வளைவோடு போ என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! சாப்பாட்டு நேரத்துக்குள் அறுபத்து நான்கு பிளேடு என்று பெருமையடித்தேனே, அந்தப் பெருமைக்கு விழுந்த அடி இது.

வாசலில் நிறுத்தியிருந்த காடியிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்து, அக்காவின் வெட்டுமேசையில் துணியைத் தள்ளிவிட்டு, அன்று சேமித்த படத்தைத் திறந்தேன். கீறல் மேல் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை ஆறு புள்ளி இரண்டு, அடுத்த தடவை ஐந்து புள்ளி ஒன்பது. இரண்டு முனைகளும் மூக்கின் சரிவுக்குள் ஓடிப் போயிருந்தன, அங்கே படம் தெளிவாக இல்லை. இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தே ஆக வேண்டும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, டர்பைன் ஓடுதா?"

"இல்ல, நாளைக்குக் காலையில. திங்கக்கிழமைன்னு சொன்னாங்க, முன்னுக்கு இழுத்துட்டாங்க. ஏன்?"

"ஓட்ட விடாதீங்க. நான் வரேன்."

"என்னா ஆச்சு?"

"நான் தப்பா அளந்துட்டேன் அண்ணே."

"சரி, வா" என்றார். தங்கச்சி என்ற வார்த்தை வரவில்லை. அதையும் கவனித்தேன்.

அடுத்து என் முதலாளி. சின்ன நிறுவனம் எங்களுடையது. அவரும் நாங்கள் ஐந்து பேரும்தான். சீனர், நல்ல மனிதர், அன்று கொஞ்சம் பயந்த மனிதர். மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார்: "நீ எழுதின நம்பர் லிமிட்டுக்குள்ள இருக்கு. அதைப் பத்தி யாரும் கேக்கல. நீயா போய் ஏன் சொல்ற?"

"நான் கேக்கிறேனே, boss."

நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டார். "போ. ஆனா அங்க பேசுறது நீதான்" என்றார்.

ஸ்கோப் பெட்டி காடியில்தான் இருந்தது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் தீபாவளிக் கூட்டம். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போகிற காடிகள் எல்லாம் எனக்கு முன்னால் ஊர்ந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானைக்கு ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த யானையை நம்பி டர்பைனுக்குப் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாரே, அவருக்கு யார் சொல்வது? நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற ஒரு பிளேடின் துண்டு கழன்றால், அது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆலைக் காவலாளி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. உள்ளே போய்க் கண்ணாடிக் கதவில் என் உருவத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அக்காவின் மஞ்சள் டேப் இன்னும் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டர்பைன் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு நாற்காலி. அது டர்பைன் பக்கத்தில் இல்லை. கூடத்தின் மறுகோடியில், பெரிய தூணுக்குப் பின்னால், கட்டுப்பாட்டு அறைக் கதவை ஒட்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் வாங்கிய திட்டுகள் எல்லாம் சேர்ந்தும் அந்த நாற்காலி அளவுக்கு எனக்கு வலிக்கவில்லை.

திட்டியவர் ஆலைப் பொறியாளர்; மரியாதைக்கு என்சிக் என்போம். மலாய்க்காரர், வேலையில் கெட்டிக்காரர், சனிக்கிழமை வீட்டிலிருந்து கூப்பிடப்பட்டு வந்திருந்தார். "மாச்சாம் மானா, எப்படி இது? ரெண்டு நாளைக்கு முன்னால கையெழுத்துப் போட்டது நீங்க. இன்னைக்குத் தப்புன்னு சொல்றதும் நீங்க. எதை நான் நம்பணும்? உங்க கையெழுத்துக்கு என்ன மதிப்பு?" என்று மலாயில் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை.

இப்போது இதை எழுதும்போது எனக்கு நல்ல நல்ல பதில்கள் தோன்றுகின்றன. அன்று வாயாடி வாயிலிருந்து வந்தது, "என் தப்புதான், என்சிக். திறந்து பார்க்கணும்" என்பது மட்டும்தான்.

"அஞ்சு புள்ளி மூணு எப்படித் தப்பாகும்? மெஷின்தானே அளந்துச்சு?"

கழுத்திலிருந்து டேப்பை எடுத்தேன். அவர் கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் வளைவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சுற்றிக் காட்டினேன். பிறகு அதே இரண்டு இடங்களுக்கு நடுவில் டேப்பை விறைப்பாகப் பிடித்து நேராகக் காட்டினேன். "மெஷின் சரியாத்தான் அளந்துச்சு. நான்தான் அதை நேரா அளக்கச் சொல்லிட்டேன்."

அவர் டேப்பைத் தன் கையில் வாங்கி இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டுத் துளையின் மூடியைக் கழற்றச் சொன்னார்.

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். அண்ணன் கம்பியைப் போட்டுத் தண்டைச் சுற்றினார். குறி வைத்திருந்த பிளேடிலிருந்து எண்ணிக்கொண்டே போனோம். நாற்பத்தொன்று வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஸ்கோப்பின் நுனியை மாற்றிப் பக்கவாட்டில் பார்க்கிற நுனியைப் போட்டிருந்தேன். மெல்ல மெல்ல மூக்கின் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது வளைவு தெரிந்தது. நேராகப் பார்த்தபோது முடிந்துவிட்டதாக நான் நினைத்த இடத்தில் கீறல் முடியவே இல்லை. சரிவுக்குள் இறங்கி ஒரு மெல்லிய வாலாக ஓடியிருந்தது.

இந்த முறை அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, மூக்கின் நடுக்கோட்டில் இரண்டையும் சேர்த்து, கீறல் போன வழியிலேயே பன்னிரண்டு புள்ளிகள் வைத்தேன். ஆறு புள்ளி ஆறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வைத்தேன். ஆறு புள்ளி ஐந்து. மூன்றாவது முறை ஆறு புள்ளி ஆறு.

பின்னால் திரும்பி, "என்சிக், நீங்க வைங்க" என்றேன். என் கைதான் கீறலை நீட்டுகிறது என்ற சந்தேகம் அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஆம்பளைங்களுக்குப் பொறுமை பத்தாது என்று நான் சொன்னதை அந்த ஆன்டியிடம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆறு புள்ளி ஏழு வந்தது.

அவர் எழுந்து, பெரிய மூடியைத் தூக்க கிரேனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். பிளேடை மாற்றப் போகிறார்கள். என்னிடம் அவர் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்து, அதன் கீழே 'முதல் அளவு தவறு, அளந்தவர் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்தபோது ஒரு விசித்திரமான காரியம் நடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் அறுபத்து நான்கு பிளேடு பார்த்த பெருமை மாதிரி இல்லை. அதைவிடக் கனமாக இருந்தது.

காடியில் ஏறும்போது போன் அடித்தது. "டேப்பை எங்கடி தூக்கிட்டுப் போன? கடையில இருபது பேர் நிக்கிறாங்க!" என்று அக்கா கத்தினாள். அந்தத் தீபாவளிக்கு என் ரவிக்கை வரிசையில் கடைசிக்குப் போய்விட்டது. பழைய புடவையைத்தான் கட்டினேன்.

தீபாவளி முடிந்த மறுவாரம் என் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். அந்தப் பொறியாளர் எழுதியிருந்தார். புதுப் பிளேடு மாட்டியாயிற்று, மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும், போன முறை தவறு செய்தவரையே அனுப்பவும் என்று இருந்தது. முதலாளிக்கு அது வசையா வாழ்த்தா என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைப் பிரதி எடுத்து என் ஸ்கோப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அறுபத்து நான்கு பிளேடுகளின் மூக்குகளையும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்க அன்று முழு நாள் பிடித்தது. அண்ணன் நாள் முழுக்கத் தண்டைச் சுற்றினார். என் வேகத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசிப் பிளேடு முடிந்ததும் நான் ரிப்போர்ட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக அதை எட்டிப் பார்த்தார். கம்பியைத் துடைத்து மாட்டிவிட்டு நடந்துபோனார்.

மூடியெல்லாம் மாட்டி முடிந்ததும் டர்பைனை ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது அண்ணன் தூணுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிவப்பு நாற்காலியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். டர்பைனிலிருந்து ஒரு கை தூரத்தில், பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். மடியில் முறுக்கு டின்.

"வா தங்கச்சி" என்றார். "நீ கட்டுப்பாட்டு ரூம்ல இருந்து பாரு. இங்க சூடு, சத்தம்."

நான் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். அங்கிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவருடைய நாற்காலிக்கும் டர்பைனுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினார். நீராவி உள்ளே வரத் தொடங்கியது.